சோசோன் குடாவுக்கு வழி சொன்னவர்

சிஃப்னோஸ் தீவில் பஸ் ஓட்டுகிறவரிடம் வழி கேட்டால்கூடப் பரவாயில்லை. கோடைக்காலத்தில் கப்பலை விட்டு இறங்கி, கமாரெஸ் துறைமுகத்தில் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது வேறு. "யாருக்குமே தெரியாத இடம் ஒண்ணு சொல்லுங்களேன்." பஸ்ஸில் எழுபது பேர் ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்த எழுபது பேருக்கும் யாருக்கும் தெரியாத இடம் தனித்தனியாக வேண்டும்.

முப்பத்தோரு வருடமாக அந்த பஸ்ஸை ஓட்டும் இயாக்கோவோஸிடம் இதற்குப் பதில் தயாராக இருந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்று குரலைத் தாழ்த்துவார். துறைமுகத்தின் கோடியில், படகு பழுதுபார்க்கும் கொட்டகையைத் தாண்டினால், நீல நாற்காலி போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. உள்ளூர்க்காரர்கள் மட்டும் போகிற இடம். கேட்டவர்கள் முகம் மலர்ந்து இறங்கிப் போவார்கள். அது அவர் மனைவியின் தம்பி பந்தெலிஸின் கடை. உள்ளூர்க்காரர் ஒருவரும் அங்கே கால் வைப்பதில்லை. பந்தெலிஸ் சுடுகிற ஆக்டோபஸ் செருப்புத் தோல் மாதிரி இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகஸ்ட் மாதத்தில், யாருக்கும் தெரியாத அந்தக் கடையில் நாற்காலி கிடைக்க அரை மணி நேரம் நிற்க வேண்டும். சனிக்கிழமைதோறும் அக்கா வீட்டுக்கு ஒரு பொட்டலம் மீன் வந்துவிடும்.

அதற்காக இயாக்கோவோஸைப் பொய்யர் என்று நினைத்துவிட வேண்டாம். நிஜமான இடம் ஒன்று அவரிடம் இருந்தது. சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான். தெற்கே பஸ் போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்திலிருந்து கழுதைப் பாதையில் அரை மணி நேரம் இறங்கினால் சோசோன் குடா. ஆடு மேய்த்த புனிதர் சோசோனுக்கு அங்கே வெள்ளையடித்த ஒரு குட்டிக் கோயில். பக்கத்தில் சமையல்கட்டு, நாற்பது பேர் உட்காரும் சாப்பாட்டுக் கூடம். கீழே, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை மேலிருந்தே எண்ணிவிடலாம் போலத் தெளிந்த தண்ணீர். வருடத்தில் ஒரே ஒரு நாள், செப்டம்பர் ஏழாம் தேதி, அங்கே விழா. மற்ற நாளெல்லாம் ஆடுகள்தான்.

விழாவுக்கு முறை உண்டு. புனிதரின் திருப்படம் வருடம் முழுக்க ஒரு வீட்டில் இருக்கும். அந்த வீட்டுக்காரர்தான் அந்த வருடத்து விழாக்காரர். ஏழாம் தேதி காலையில் படத்தைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பூசை முடித்தபின், வந்தவர் எல்லாருக்கும் அவர் சாப்பாடு போட வேண்டும். யார், எவர் என்று கேட்கக் கூடாது. கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை விழாக்காரர் கை நனைக்கக் கூடாது. பிறகு சாமியார் படத்தோடு வாசலில் வந்து நின்று, அடுத்த வருடத்துக்கு யார் என்று கேட்பார். வேண்டுதல் இருப்பவர் முன்னால் வந்து வாங்கிக்கொள்வார். ஒருவரும் வராவிட்டால் படம் கோயில் சுவரிலேயே தங்கிவிடும். அன்றோடு விழா முடிந்தது. வடக்கே ஒரு கோயிலுக்கு அப்படி ஆயிற்று. "நிக்கிதாஸ் கையில நின்னுபோச்சு" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நிக்கிதாஸ் செத்து நாற்பது வருடமாகிறது.

இயாக்கோவோஸ் படத்தை ஏன் எடுத்தார் என்பதற்கு அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏழு பிள்ளைகளில் ஆறாவது. பதினேழு வயதில் சரக்குக் கப்பல் ஏறினார். பதினொரு வருடத்தில் உலகத்தின் துறைமுகங்களையெல்லாம் பார்த்தார். துறைமுகங்களை மட்டும்தான் பார்த்தார். தண்ணீர் அலுத்துப்போய் ஊர் திரும்பியவருக்கு பஸ் கிடைத்தது. பஸ்ஸில் எவ்லம்பியா கிடைத்தாள். கடற்கரை ஓட்டலில் சமையல் வேலை அவளுக்கு. கோடையில் நாளொன்றுக்கு இருநூறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வந்து, வீட்டில் சண்டை போடவும் தெம்பு வைத்திருப்பாள். முதல் நாள் பஸ் ஏறியபோதே, "நீங்க ஓட்டுற ஓட்டுக்கு முட்டை வாங்கிட்டு ஏறுனா ஆம்லெட்டாதான் இறங்கணும்," என்றாள். ஆறு மாதத்தில் கல்யாணம் ஆயிற்று.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மாதம், எவ்லம்பியாவுக்கு நெஞ்சு அடைத்தது. எட்டாம் எண் புயல் காற்று. ஹெலிகாப்டர் வர முடியாது, கப்பலும் இல்லை. ஒன்பது மணி நேரம் கழித்துத்தான் கடலோரக் காவல்படைப் படகு வந்தது. அந்த ஒன்பது மணி நேரமும் துறைமுகச் சுவரருகே அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வேண்டிக்கொண்டார், சோசோன் படத்தை வீட்டுக்கு எடுக்கிறேன் என்று. அவள் பிழைத்து வந்தாள். வந்த நாளிலிருந்து அவளை ஒரு தண்ணீர்க் குடம் தூக்க விட்டதில்லை. ஓட்டல் வேலையை விடச் சொன்னார். துணி காயப்போட்டால் ஓடிவந்து பிடுங்கினார். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். இவர் அதைச் சந்தைவரை என்று சுருக்கிக்கொண்டார்.

அவருக்கு முன்னால் வேண்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர் இருந்ததால், அவர் முறை போன செப்டம்பரில்தான் வந்தது. படத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்தபோது அழுதுவிட்டார். பக்கத்தில் நின்ற பந்தெலிஸ் எல்லார் காதிலும் விழும்படி, "அடுத்த வருஷம் நான்தான். இப்பவே சொல்லிட்டேன், யாரும் குறுக்க வராதீங்க," என்றான். கையோடு கையாக அடுத்த வருடமும் தீர்ந்தது.

மே மாதத்தில் மரைக்கா வந்தாள். ஹாலந்துக்காரி, ஐம்பது வயதிருக்கும், மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். ஓட்டுநருக்குப் பின்னாலிருக்கும் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கடைசி நிறுத்தம்வரை போனாள், இறங்கவில்லை. திரும்பி வந்தாள், இறங்கவில்லை. நான்கு நாள் இப்படியே. ஒரு கேள்வி கேட்கவில்லை. முப்பத்தோரு வருடத்தில், இத்தனை நாள் பஸ்ஸிலேயே சுற்றியும் கேட்காமல் இருந்த முதல் ஆள். இயாக்கோவோஸால் எவ்வளவு நேரம்தான் பொறுக்க முடியும்?

நான்காம் நாள், கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவரே திரும்பினார். "ஏம்மா, உங்களுக்கு யாருக்கும் தெரியாத இடம் எதுவும் வேணாமா?"

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எனக்கு எதுக்கு?" என்றாள் அவள்.

ஆள் கவிழ்ந்தே போனார். கழுதைப் பாதையைக் கை நீட்டிக் காட்டினார். குடாவைச் சொன்னார், கோயிலைச் சொன்னார், படம் இந்த வருடம் தன் வீட்டில் இருப்பதைச் சொன்னார். படம் வீட்டில் இருக்கிறவன் விழாவைப் பற்றிப் பேசினால் கூப்பிடாமல் பேச்சை முடிக்கக் கூடாது, அது முறை. ஆகவே, "செப்டம்பர் ஏழு. கண்டிப்பா வாங்க. யாரு வேணாலும் வரலாம், எல்லாருக்கும் சாப்பாடு, காசெல்லாம் கிடையாது," என்று முடித்தார். அவள் அப்போதுதான் நோட்டைத் திறந்தாள்.

இது எந்தக் கல்யாணத்துக்கும் சொல்கிற வார்த்தைதான். ஊரில் யாரும் அதைக் கேட்டுவிட்டு ஆள் திரட்டிக்கொண்டு வருவதில்லை. ஆனால் மரைக்கா எழுதினது ஜூலையில் பத்திரிகையில் வந்தது. அங்கிருந்து கைபேசிகளுக்குப் போனது. 'சிஃப்னோஸில் மிஞ்சியிருக்கும் ஒரே ரகசியம்' என்று தலைப்பு. குடா, பாதை, தேதி, பஸ் ஓட்டுநரின் பெயர் எல்லாம் இருந்தது. ஆளாளுக்கு அதை இன்னொருவருக்கு அனுப்பினார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரே நாளில் பதினேழு பேர் பஸ்ஸில் ஏறி, "சோசோன்?" என்று கேட்டபோது இயாக்கோவோஸ் வண்டியைக் கிளப்ப மறந்துபோனார்.

பந்தெலிஸ் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான். "முப்பது வருஷமா என் கடைக்கு ஆள் அனுப்புனீங்க மாமா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் உண்மையைச் சொன்னீங்க. பாத்தீங்களா?"

"உன் ஆக்டோபஸைத் தின்னவங்க யாரும் திரும்ப வரமாட்டாங்க மச்சான். நான் புது ஆளுக்கு எங்க போறது?"

"விளையாடாதீங்க. ஆயிரம் பேர் வரப்போறான். பஸ்ஸுல ஒரு காகிதம் ஒட்டுங்க, மழையில பாதை இடிஞ்சுபோச்சு, விழா இல்லைன்னு. விட்டது தொல்லை."

"ஆகஸ்ட்டுல ஏதுடா மழை?" என்றாள் எவ்லம்பியா, பீன்ஸ் உரித்தபடி.

"அவங்களுக்கு என்னக்கா தெரியும்?" பந்தெலிஸ் எழுந்து நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "இன்னொண்ணு. அடுத்த வருஷம் என்னால ஆகாது. இந்த வருஷம் வர்றவன் சும்மா போவானா? அவனும் எழுதுவான், அடுத்த வருஷம் ரெண்டாயிரம் ஆகும். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. என்னைக் கூப்பிடாதீங்க."

அவன் போனபிறகு இயாக்கோவோஸ் படத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். பந்தெலிஸே பின்வாங்கினால் வேறு யார் வருவார்கள்? ஊரே அவன் கணக்கைத்தான் போடும். கூட்டம் வந்தாலும் சமாளிக்கலாம். ஏழாம் தேதி மத்தியானம், சாமியார் வாசலில் நின்று கேட்கும்போது ஒருவரும் வராமல் போனால்? எவ்லம்பியா உயிருக்காக எடுத்த படம், அவர் வீட்டோடு நின்றுவிடும். "இயாக்கோவோஸ் கையில நின்னுபோச்சு." தான் செத்து நாற்பது வருடம் கழித்தும் யாரோ அப்படிச் சொல்வது அவர் காதில் இப்போதே கேட்டது.

காகிதத்தை எழுதத்தான் செய்தார். கப்பல் காலத்து இங்கிலீஷில், 'பாதை இல்லை, விழா இல்லை.' மடித்துச் சட்டைப்பையில் மூன்று நாள் வைத்திருந்தார். நான்காம் நாள் வயசான ஜெர்மன் தம்பதி ஏறினார்கள். அந்த அம்மாள் கைபேசியைக் காட்டி, இது உண்மையா என்று கேட்டாள். இயாக்கோவோஸ் வாயைத் திறந்தார். படம் வீட்டில் இருக்கிறவன் வர நினைக்கிறவனை வராதே என்பதா? சட்டைப்பைக்குப் போன கையை எடுத்துக்கொண்டார்.

"உண்மைதாம்மா. ஏழாம் தேதி காலையில வந்துடுங்க. தொப்பி எடுத்துக்கங்க, நிழலே கிடையாது," என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எவ்லம்பியா சிரித்துவிட்டாள். "கவலையைப் பாரு, தொப்பி இல்லாம வந்துடுவாங்களாம்."

"சிரிக்காத. நானூறு பேருக்கு ஆக்கணும். ஆர்தெமோனாஸ் ஊரிலேருந்து சமையலுக்கு ரெண்டு பேரைச் சொல்லிட்டேன்."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"நீ நிழல்ல உக்காந்து வர்றவங்களை வாங்கன்னு சொல்லு. அது போதும்."

எவ்லம்பியா பெரிய கரண்டியை எடுத்துத் துடைத்து வைத்தாள். இயாக்கோவோஸ் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

ஏழாம் தேதி நல்ல வெயில். வழக்கமாக நூற்றைம்பது பேர் வருகிற இடத்தில், பூசை முடியும் முன்பே கழுதைப் பாதை முழுக்கத் தலைகளாக இருந்தது. அன்றைக்கு இயாக்கோவோஸுக்குப் பதிலாக பஸ் ஓட்டியவர் ஏழு நடை அடித்தார். வந்தவர்கள் அறுநூறுக்கும் மேல். முந்தின நாளே மண் சட்டிகளில் அடுப்புக்குள் வைத்த கொண்டைக்கடலை குழைந்து, எண்ணெய் மினுங்கத் தயாராக இருந்தது. ஆட்டுக்கறி, மக்ரோனி, பாலாடைக்கட்டி, ரொட்டி, வைன். எவ்லம்பியாவுக்கு சமையல்கட்டின் வாசலில் மெத்தை போட்ட நாற்காலி.

முதல் பந்தியில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள், இருபது நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்தார்கள். அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும் என்பது யாரும் சொல்லித் தெரிவதில்லை. இரண்டாம் பந்தி வெளிநாட்டுக்காரர்கள். சாப்பிட்டார்கள், தட்டைப் படம் எடுத்தார்கள், இன்னும் கொஞ்சம் வைன் ஊற்றிக்கொண்டார்கள், உட்கார்ந்தே இருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வெயிலில் வரிசை மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. ஏன் எழவில்லை என்று ஒருவருக்கும் புரியவில்லை. கடைசியில் ஒரு இத்தாலிக்காரர் இயாக்கோவோஸின் சட்டையைத் தொட்டு, பில் எப்போது வரும் என்று பணிவாகக் கேட்டார்.

இயாக்கோவோஸ் கூடத்தின் நடுவில் போய் நின்றார். முப்பத்தோரு வருடமாகத் தொண்டையில் இருந்த குரலை அப்படியே விட்டார். "கடைசி நிறுத்தம்! எல்லாரும் இறங்குங்க! பில் கிடையாது, சாமி சாப்பாடு. பின்னால வண்டி நிக்குது, இறங்குங்க, இறங்குங்க!" நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். பஸ்ஸில் வந்தவர்கள்தானே. வாசலில் நின்ற ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு பந்திக்குப் பந்தி அதே சத்தம், அதே சிரிப்பு.

ஆனால் குரலால் சட்டியை நிரப்ப முடியாது. பத்தாம் பந்தியில், கூலிக்கு வந்த சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நானூறு பேருக்குன்னு சொன்னீங்க. முடிஞ்சுபோச்சு. இனிமே நான் பொறுப்பில்ல."

எவ்லம்பியா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"உக்காரு!" என்றார் இயாக்கோவோஸ்.

"நகரு யாக்கோ." கரண்டியை எடுத்துச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு பேசினதெல்லாம் மற்றவர்களோடுதான். கறியை எலும்பிலிருந்து உதிர்த்து மக்ரோனியோடு சேர்க்கச் சொன்னாள். சட்டியின் அடியில் மிஞ்சிய கடலையில் வெந்நீரும் எலுமிச்சையும் விட்டு ரசமாக்கினாள். ரொட்டியைப் பாதியாக அறுத்து, எண்ணெயும் தக்காளியும் தேய்த்து, மேலே பாலாடைக்கட்டி வைக்க ஆறு பெண்களை உட்கார வைத்தாள். அந்த நேரத்தில் மரைக்கா கூட்டத்தில் தவித்துக்கொண்டு நின்றாள். ஒரு விருந்தைப் பற்றி எழுதினோம் என்று நினைத்தவளுக்கு, என்ன செய்துவிட்டோம் என்பது இப்போதுதான் தெரிந்திருந்தது. எவ்லம்பியா அவளைப் பார்த்தாள். "நீதானே எழுதினவ? எழுதுற கையால கொஞ்சம் தட்டையும் கழுவு." மரைக்கா தொட்டியருகே போய்க் குனிந்தாள். மூன்று மணி நேரம் நிமிரவில்லை.

இயாக்கோவோஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். உதட்டின் நிறத்தைப் பார்த்தார். அவள் வியர்த்திருந்தாள், கத்திக்கொண்டிருந்தாள், கன்னம் சிவந்திருந்தது. அந்த முகத்தை மூன்று வருடமாகப் பார்க்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. உறைத்தாலும் பயம் போகவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கடைசிப் பந்தி. அதில் உட்கார்ந்தது ஊர்க்காரர்கள்தான். வரிசையில் முன்னால் நின்றவர்கள், "நாங்க சாப்டாச்சு" என்று புளுகிவிட்டுப் பின்னால் போய் நின்றிருக்கிறார்கள். பந்தெலிஸும் அதில் ஒருவன். அவர்களுக்குக் கிடைத்தது ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆலிவும். விழாக்காரர் கடைசியாக ஒரு துண்டு ரொட்டி பிட்டு வாயில் போட்டார். ஒருவரும் பசியோடு போகவில்லை. ஆனாலும் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஸ்பிரிதோன் சாமியார் படத்தோடு வாசலுக்கு வந்தார். வெள்ளிக் கவசம் போட்ட கனமான படம். "அடுத்த வருஷத்துக்கு யார் எடுக்குறீங்க?"

விழாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த வயலின்காரர் வில்லை மடியில் வைத்துக்கொண்டார். ஆண்கள் செருப்பைப் பார்த்தார்கள். பந்தெலிஸ் கடலைப் பார்த்தான். சாமியார் இரண்டாம் முறை கேட்டார். மூன்று முறைதான் கேட்பது. இயாக்கோவோஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தானே இன்னொரு வருடம் எடுக்கிறேன் என்று சொல்லலாம். சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் இன்றைக்கு நடந்தது திரும்ப நடக்கும், அவள் திரும்ப அந்த அடுப்பு முன்னால் நிற்பாள். அதைவிடப் படம் சுவரில் இருக்கட்டும். நிக்கிதாஸுக்கு ஒரு துணை ஆகட்டும். அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் நினைத்தார்.

சாமியார் மூன்றாம் முறை கேட்க வாயெடுத்தார்.

"இங்க குடுங்க சாமி," என்றாள் எவ்லம்பியா. சமையல்கட்டிலிருந்து ஈரக்கையை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"உன் வீட்டுலதானேம்மா இருந்துச்சு?"

"அது அவரு வேண்டிக்கிட்டது. நான் சாகக் கூடாதுன்னு. சாகல, அந்த வேண்டுதல் முடிஞ்சுது. என் பேர்ல எதையும் நான் இன்னும் வேண்டிக்கலையே."

"என்ன வேண்டுதல்?" என்று சாமியார் கேட்டிருக்கக் கூடாது, கேட்கிற முறை இல்லை. ஆனால் கேட்டுவிட்டார்.

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "மூணு வருஷமா என்னைச் செத்தவ மாதிரி பத்திரமா வச்சிருக்கார். அவருக்குப் பயம் தெளியணும். அதுக்குத்தான்."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. இயாக்கோவோஸ் ஓரடி முன்னால் வந்தார். "எவ்லம்பியா, அறுநூறு பேரு..." என்று ஆரம்பித்தார்.

"அறுநூத்துப் பத்து. நான் எண்ணினேன். இந்தா நிக்கிறேன்ல?"

சாமியார் படத்தை வாசற்படியில் சாய்த்துவிட்டுப் பெயர்ப் புத்தகத்தைத் திறந்தார். "இயாக்கோவோஸ் மனைவின்னு போடட்டுமா?"

"எவ்லம்பியான்னு போடுங்க. எனக்குப் பேர் இருக்கு."

போட்டார். பிறகு படத்தைத் தூக்கிக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். கோயில் மணி அடித்தது. பாதை செங்குத்தான பாதை. பஸ் நிற்கும் இடம்வரை அரை மணி நேரம் மேலே ஏற வேண்டும். இயாக்கோவோஸ் முன்னால் பாய்ந்து, படத்தை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார். அவள் நிற்கவில்லை, கோபப்படவும் இல்லை. நீட்டிய கைகளைச் சுற்றிக்கொண்டு நடந்து போனாள்.

ஊர்க்காரர்கள் வழி விட்டார்கள். இயாக்கோவோஸ் கைகளை இறக்கினார். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவளுக்கு ஐந்தடி பின்னால் ஏறத் தொடங்கினார். முதல் வளைவில் அவள் மூச்சு வாங்க நின்றாள். அவரும் நின்றார். கிட்டே போகவில்லை. அவள் மூச்சு சீராகும்வரை பொறுத்திருந்தார். அவள் மேலே நடந்தாள்.